பெருங்காய டப்பாவில் இருந்த மாத்திரை

நம் தோட்டத்து மக்கள் எல்லாருக்கும் வணக்கம். எனக்குக் கோர்வையாக எழுத வராது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்போடு நின்று, ஆயாக் கொட்டகையில் பிள்ளை பார்க்கப் போனவள் நான். ஆண்டு மலர் போடும் தம்பி மூன்று முறை போன் செய்து, "ஊரை விட்டுப் போனவங்க எல்லாரும் எழுதுறாங்கக்கா, நீங்க மட்டும் ஏன் பேசாம இருக்கீங்க?" என்று கேட்டதால் எழுதுகிறேன். மறதி வேறு சேர்ந்துவிட்டது. முன்னுக்குப் பின் மாறி வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்ன எழுதுவது என்று யோசித்தேன். எனக்கு வியாதி என்று தெரிந்து இந்த ஆனியோடு ஒரு வருடம் ஆகிறது. அதைப் பற்றியே எழுதிவிடுகிறேன்.

1

மலேசியாவில் நம் ரப்பர் தோட்டத்தை விற்று வீடு கட்டப் போகிறார்கள் என்றதும், என் வீட்டுக்காரர் என்னைக் கூட்டிக்கொண்டு இந்தியா வந்தது உங்களில் பலருக்குத் தெரியும். அவருடைய ஊர் கீழ்பென்னாத்தூர். வந்த ஆறாம் வருடம் அவர் போய்ச் சேர்ந்தார். அவர் அண்ணன் வீட்டில் ஒண்டிக்கொண்டிருக்க மனம் வரவில்லை. திருவண்ணாமலையில் செங்கம் சாலைப் பக்கம், வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்கும் ஒரு கெஸ்ட் ஹவுஸில் சமையலுக்குச் சேர்ந்தேன். சமையற்கட்டுக்குப் பின்னால் ஒரு அறை. வேலையும் அறையும் ஒன்றுதான். வேலை போனால் அறையும் போய்விடும். அதனால்தான் பின்னால் நான் செய்த தப்பையெல்லாம் செய்தேன்.

இங்கே என் பெயர் யாருக்கும் தெரியாது. வந்து பதினெட்டு வருடம் ஆகியும் மலேசியாம்மாதான். அங்கே இருந்தவரைக்கும் நம்மை இந்தியா ஊர்க்காரர்கள் என்றார்கள்.

முதலாளியம்மா பெயர் செல்வி. என் மகள் வயதுதான் இருக்கும். கை சுறுசுறுப்பு, வாயும் அப்படியே. எனக்கு முன்னால் இருந்த சமையல்காரம்மாவைப் பற்றி நான் சேர்ந்த புதிதிலேயே சொல்லிவிட்டாள்.

"அவங்களுக்கு சக்கரை. அடுப்புகிட்ட நின்னு கால்ல சுடுதண்ணி கொட்னது கூடத் தெரியல. புண்ணாயி, சீழ் புடிச்சி, ஆஸ்பத்திரிக்கும் வூட்டுக்கும் நாந்தான் அலைஞ்சேன். இனிமே சீக்கு இருக்கறவங்கள சமையலுக்கு வெக்கறதா இல்ல."

நான் தலையாட்டினேன். அப்போது எனக்குச் சீக்கு எதுவும் இல்லை.

2

போன வருடம் ஆனியில் தோசை மாவு கரைக்கும்போது கையில் இருந்த வளையல் கழன்று மாவுக்குள் விழுந்தது. இருபது வருடமாகச் சோப்புப் போட்டாலும் கழலாத வளையல் அது. தண்ணீர்த் தாகம் வேறு. குடத்துத் தண்ணீரை நானே காலி செய்கிறேன் என்று தெரிந்தது. செல்வியிடம் கண் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

சீட்டு எழுதுகிறவர் ஆதார் நம்பர் கேட்டார். இல்லை என்றேன். ரேஷன் கார்டு கேட்டார். அதுவும் இல்லை என்றேன். பையில் இருந்ததை எடுத்து நீட்டினேன்.

"இன்னாம்மா, பாஸ்போர்ட்ட நீட்டறீங்க? இது ஏர்போர்ட்டா?"

வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு அப்படியே திரும்பிப் போய்விடலாம் போலிருந்தது. ஆனால் அவரே எழுந்து உள்ளே போய் யாரையோ கேட்டுவிட்டு வந்து, என்னிடம் உள்ள வெளிநாட்டு இந்தியர் அட்டையின் எண்ணை ஒரு ஓரத்தில் எழுதிக்கொண்டு, "அடுத்த தடவ வந்தா எங்கிட்டயே வாங்க, வேற ஆளுகிட்டப் போனா மறுபடி மொதல்லருந்து ஆரம்பிப்பாங்க" என்றார். ஒரு வருடமாக அவரிடம்தான் போகிறேன்.

ரத்தம் எடுத்தார்கள். டாக்டரம்மா சின்ன வயசு. "வீட்ல யாருக்காச்சும் சக்கரை இருக்குதா?" என்று கேட்டார். நான் தெரியாது என்றேன். அப்போது அது உண்மைதான். நர்ஸிடம், "எங்க பக்கம் இதை இனிப்பு நீர்னு சொல்வோம்" என்றேன். "அதெல்லாம் குடிக்கக் கூடாது, கூல்ட்ரிங்ஸே தொடாதீங்க" என்றார் அவர்.

வெள்ளை மாத்திரை கொடுத்தார்கள். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று, சாப்பிட அரை மணிக்கு முன்னால். "போட்டுட்டு சாப்பிடாம மட்டும் இருக்காதீங்க" என்று டாக்டரம்மா இரண்டு முறை சொன்னார். இரண்டு முறையும் சரி என்றேன்.

மாத்திரையை எங்கே வைப்பது? என் அறைக்குச் செல்வி எப்போது வேண்டுமானாலும் வருவாள். சமையற்கட்டில் இரண்டு பெருங்காய டப்பா இருந்தது. ஒன்றில் பாதிக்கு மேல் காலி. அதில் போட்டு வைத்தேன். அன்றிலிருந்து மாத்திரையெல்லாம் பெருங்காய வாசனை. ஏப்பம் விட்டால்கூட ரச வாசனைதான்.

ஜோகூரில் இருக்கும் மகளிடம் மட்டும் சொன்னேன். வீடியோவில் அழுதாள். "இங்க வந்துடுங்கம்மா" என்றாள். அவளும் மாப்பிள்ளையும் விடிவதற்கு முன் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் இருட்டித் திரும்புகிறவர்கள். அங்கே போனால் நாள் முழுக்க டிவிதான் எனக்குத் துணை. பேரன் எட்டிப் பார்த்து, "பாட்டி, கெஞ்சிங் மானிஸ்ஸா?" என்றான். பள்ளியில் படித்திருக்கிறான், இனிப்பு நீருக்கு மலாய்ப் பெயர்தான் அவனுக்குத் தெரியும். "ஆமாய்யா" என்றேன். "நோ சுகர்" என்று விரலை ஆட்டிவிட்டு ஓடிவிட்டான். அந்த மாதம் அவன் என்னோடு பேசியது அவ்வளவுதான்.

3

இந்த இடத்தில் என் அம்மாவைப் பற்றிக் கொஞ்சம் எழுத வேண்டும். வயசானவர்களுக்கு ஞாபகம் இருக்கும். ஆடித் திருவிழாவில் நம் மாரியம்மன் கோவிலில் அருள் வந்து ஆடுவாரே, நாலாம் லயத்து அம்மா, அவர்தான். காலையில் மரத்தில் பால் வெட்டிவிட்டு வந்து, பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் விரதம் இருப்பார். மத்தியானம் பம்பை அடித்ததும் கை நடுங்கும், வேர்த்து ஊற்றும், கண் நிலைகுத்தும். கங்காணியிலிருந்து ஆபீஸ் கிராணி வரைக்கும் கைகட்டி நிற்பார்கள். பானகம் கொடுத்தால் குடித்துவிட்டு மலையேறுவார். பிறகு என் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டு, "நான் என்னடி சொன்னேன்?" என்று கேட்பார். எதுவும் ஞாபகம் இருக்காது.

அம்மா அப்படி. நான் நாலு பேர் நடுவில் தும்மக்கூட வெட்கப்படுகிறவள். "இவ வயித்துல இப்படி ஒண்ணா" என்று எல்லாரும் சொல்வார்கள்.

4

ஆவணிப் பௌர்ணமி அன்று மலை சுற்றப் போனேன். நான் மாதா மாதம் போகிறவள்தான். சுற்றி முடிக்கும்வரை சாப்பிட மாட்டேன். மாத்திரையை என்ன செய்வது என்று யோசித்தேன். மாத்திரை விரதத்தைக் கெடுக்காது, சோறுதான் கெடுக்கும் என்று நானே முடிவு செய்தேன். காலையில் ஒன்று போட்டுச் சீனியில்லாத காப்பி குடித்தேன். மத்தியானச் சமையல் முடித்து, திரும்பி வர நேரமாகுமே என்று சாயங்கால மாத்திரையையும் முன்கூட்டியே போட்டுக்கொண்டு, செருப்பில்லாமல் கிளம்பினேன்.

நல்ல வெயில். அடி அண்ணாமலை வந்தபோது உதடு மரத்துப்போனது. வேர்வை முதுகில் ஓடியது. கால் எங்கே வைக்கிறேன் என்று தெரியவில்லை. ஒரு சுண்டல் கடை ஓரமாக உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் கை இரண்டும் தானாக ஆட ஆரம்பித்தது. நிறுத்தப் பார்த்தேன், நிற்கவில்லை. கொண்டை அவிழ்ந்துவிட்டது.

சிவப்புச் சேலை கட்டிய ஒரு கூட்டம் அந்த வழியாக வந்தது.

"ஆத்தா வந்துட்டா! தள்ளுங்க, தள்ளுங்க, எடம் உடுங்க!"

வேப்பிலையை என் கையில் திணித்தார்கள். நெற்றி நிறையத் திருநீறு. ஒருத்தி என் காலடியில் மண்டியிட்டு, "யாரு தாயே நீ? எங்கருந்து வந்திருக்கற?" என்றாள்.

என் ஊரைக் கேட்கிறாள் என்று நினைத்தேன். நாக்குப் புரளவில்லை. "மலேசியா" என்றேன்.

"கடல் தாண்டி வந்திருக்காடி!"

குலவை போட்டார்கள். "இன்னா வேணும் தாயே? கேளு, செய்யறோம்."

"இனிப்பு" என்றேன். "சீக்கிரம்."

"பொங்கல் கேக்கறா! அங்க வேன்ல சக்கரைப் பொங்கல் குடுக்கறாங்க பாரு, ஓடு!"

ஓடிப்போய்த் தொன்னையில் வாங்கி வந்தார்கள். என் மூக்குக்கு நேரே பொங்கல். நெய் வாசனை வருகிறது. கையை நீட்டினேன். ஒரு பெரியம்மா தடுத்தார்.

"இரு இரு, அப்படியே குடுக்கக் கூடாது. மொதல்ல கற்பூரம் காட்டு."

கற்பூரம் இருந்தது, தீப்பெட்டி இல்லை. தீப்பெட்டி வந்தது, காற்றில் குச்சி அணைந்தது. இன்னொரு குச்சி. அதுவும் அணைந்தது. என் ஆயுசில் ஒரு தீக்குச்சியை அவ்வளவு ஆவலாகப் பார்த்ததில்லை. மூன்றாவது குச்சிக்கு நான் காத்திருக்கவில்லை. எட்டித் தொன்னையைப் பிடுங்கி இரண்டு கையாலும் அள்ளித் தின்றேன்.

"பாவம், எவ்ளோ பசியோட வந்திருக்கா பாரு" என்று யாரோ அழுதார்கள்.

இன்னொரு தொன்னை, ஒரு சொம்பு பானகம். கால் மணி நேரத்தில் நடுக்கம் நின்றது. "ஆத்தா மலையேறிட்டா" என்று விழுந்து கும்பிட்டார்கள். சுண்டல் கடைக்காரி அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தாள்.

"அய்யய்ய, இது ஆசிரமத்துப் பக்கம் கெஸ்ட் அவுஸ்ல சமைக்கற மலேசியாம்மா இல்ல? வாயே தெறக்காதே இது!"

அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் செல்வி காதுக்குப் போகும். சும்மா இருந்துவிட்டேன். மீதிப் பாதையை இரண்டு பெண்கள் கைபிடித்து நடத்தி வந்தார்கள். ஒருத்தி எனக்குக் குடை பிடித்தாள்.

5

வெள்ளிக்கிழமை சமையற்கட்டு வாசலில் மூன்று பெண்கள் எலுமிச்சம்பழத்தோடு நின்றார்கள்.

செல்வி இடுப்பில் கைவைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே மலேசியாம்மா! சாமிய வெச்சிகிட்டா இத்தினி நாளு பாத்திரம் கழுவச் சொல்லியிருக்கேன்?"

அன்றிலிருந்து இட்லி லேட்டானாலும் திட்டு இல்லை. தங்கியிருந்த வெள்ளைக்காரர் ஒருவர் கஞ்சி வாங்கும்போது என்னைக் கும்பிட ஆரம்பித்தார். "வெள்ளிக்கெழம மத்தியானம் ஒரு மணி நேரம் முன் ஹால்ல உக்காருங்க, போதும். பேச வேணாம், திருநீறு குடுங்க, ஒரு பழத்தத் திருப்பிக் குடுங்க" என்றாள் செல்வி.

நாலு வெள்ளிக்கிழமை உட்கார்ந்தேன். பேசாமல் இருப்பது எனக்குச் சுலபம். வந்தவர்கள் தங்கள் கஷ்டத்தைச் சொல்வார்கள். நான் பழத்தைத் திருப்பிக் கொடுப்பேன். அவர்களே ஒரு பதில் எடுத்துக்கொண்டு போவார்கள். ஒளிக்காமல் எழுதுகிறேன்: எனக்கு அது கொஞ்சம் பிடித்தும் இருந்தது. அம்மா உட்கார்ந்த இடத்தில் நானும் உட்கார்ந்ததுபோல.

மிஞ்சிய எலுமிச்சம்பழத்தை ஊறுகாய் போட்டேன், உப்பு கம்மியாக. நாலு ஜாடி.

ஐந்தாவது வெள்ளிக்கிழமை வசந்தா என்று ஒருத்தி வந்தாள். கீழ்பென்னாத்தூர்ப் பக்கம். கூடவே அவள் புருஷன், ஷேர் வேன் ஓட்டுகிறவர். அவர் வலது காலில் கட்டு. வர இஷ்டமில்லாமல் வந்தவர்போல வாசலைப் பார்த்தே உட்கார்ந்திருந்தார்.

"எங்க வூட்டுக்காரருக்கு ஆறு வருசமா சக்கரை தாயே" என்றாள் வசந்தா. "மாத்திர போட்டுப் போட்டு ஆளே பாதியாயிட்டாரு. ஒருத்தர் வேப்பங்கொழுந்து ஒரு மண்டலம் சாப்டா போதும்னு சொல்றாரு. நீ உத்தரவு குடுத்தா இன்னியோட மாத்திரய நிறுத்திடறோம். வாய் தெறந்து சொல்ல வேணாம். பழத்தத் திருப்பிக் குடு, சரின்னு எடுத்துக்கறோம்."

பழம் என் கையில் இருந்தது. எல்லாருக்கும் கொடுப்பதுபோல இவளுக்கும் கொடுக்க எடுத்துவிட்டிருந்தேன். அவள் முந்தானையை விரித்துக்கொண்டு நின்றாள். நான் கொடுக்காமல் இருந்தால் வேறு பழத்தோடு அடுத்த வாரம் வருவாள். அந்தக் கட்டுக்குள் இருந்த காலைப் பார்த்தேன். கட்டு ஈரமாக இருந்தது.

எழுந்து சமையற்கட்டுக்குப் போனேன். பெருங்காய டப்பாவை எடுத்து வந்து, மாத்திரைகளை என் உள்ளங்கையில் கொட்டிக் காட்டினேன். நாலைந்து பேர் இருந்தார்கள், செல்வியும் இருந்தாள். இருமிவிட்டுச் சொன்னேன்.

"இது என்னோட மாத்திரைம்மா. எனக்கும் சக்கரைதான். அன்னைக்கு வந்தது ஆத்தா இல்ல. மாத்திரையப் போட்டுட்டு சாப்பிடாம நடந்தேன், அதான் நடுக்கம். நிறுத்தாதீங்க. இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டப் பிரிச்சுக் காட்டுங்க."

வசந்தா முந்தானையை விடவே இல்லை. "ஆத்தாவுக்கே சக்கரையா?" என்றாள்.

அவள் புருஷன்தான் முதலில் சிரித்தார். "கேட்டுக்கோ. நானும் ஆத்தாவும் ஒரே மாத்திரதான். எழுந்துரு, போலாம்."

6

எல்லாரும் போனபிறகு செல்வி டப்பாவை வாங்கி மோந்து பார்த்தாள்.

"எத்தினி நாளா?"

"மூணு மாசம்."

"இந்த டப்பாவ நான் எத்தினி தடவ எடுத்திருப்பேன்! ஒண்ணு சாம்பார்ல உழுந்திருந்தா? தங்க வந்தவங்க சாப்ட்டு மயங்கி உழுந்திருந்தா? நீங்க சீக்குன்னு சொல்லியிருந்தா நான் தொரத்தியிருப்பேன், அது வேற. இத எப்படிச் செஞ்சீங்க?"

அது எனக்குத் தோன்றவே இல்லை. சாமி இல்லை என்று சொன்னதற்குக் கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் சொன்னது சரி. அன்று ராத்திரியே துணியை மூட்டை கட்டி வைத்தேன்.

மூன்று நாள் செல்வி இந்தப் பக்கமே வரவில்லை. நாலாம் நாள் காலை சமையற்கட்டுக்கு வந்து முக்காலியைப் போட்டாள். "காலத் தூக்குங்க" என்றாள். இரண்டு உள்ளங்காலையும் விரல் இடுக்கையும் பார்த்தாள். நான் கூச்சத்தில் நெளிந்தேன். "புண்ணு ஒண்ணும் இல்ல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

இப்போது சட்டம் இதுதான். அடுப்பு பற்றவைக்கும் முன் நான் சாப்பிட்டிருக்க வேண்டும். சமையற்கட்டில் செருப்புப் போட்டுத்தான் நிற்க வேண்டும்; எனக்கு இன்னும் அது மனசுக்கு ஒப்பவில்லை. மாத்திரை கடிகாரத்துக்குப் பக்கத்தில் எல்லாரும் பார்க்கும்படி இருக்கிறது. காலை டிபனுக்கு அடி அண்ணாமலையிலிருந்து ஒரு பெண் வருகிறாள். சட்னியும் மத்தியானச் சமையலும் என்னுடையது. "தீபம் வரைக்கும் பாப்போம்" என்றாள் செல்வி. தீபம் முடிந்தது. "சித்திரை வரைக்கும்" என்றாள். இப்போது ஆனி. நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

பௌர்ணமிக்கு இப்போதும் போகிறேன், சாப்பிட்டுவிட்டு, மடியில் நாலு வெல்லக்கட்டியோடு. சுண்டல் கடைக்காரி என்னைப் பார்த்தால், "இன்னா மலேசியாம்மா, சாப்ட்டியா? இல்ல, கற்பூரம் ஏத்தட்டா?" என்பாள். வசந்தா புருஷனுக்கு ஒரு விரலை எடுத்தார்கள். கால் தப்பியது. வேன் ஓட்டுகிறார்.

7

விரலை எடுத்தார்கள் என்று வசந்தா வந்து சொன்ன அன்றுதான் எனக்கு அம்மா ஞாபகம் வந்தது. அம்மாவுக்கும் கால் விரல் ஒன்று எடுத்தார்கள். முள் குத்திய புண் என்று சொன்னோம். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸர் ஐயா பேப்பரில் மடித்து வெள்ளை மாத்திரை கொடுப்பார். தினமும் பால் வெட்டப் போகுமுன் அம்மா ஒன்று போட்டுக்கொள்வார். எதற்கு என்று நான் கேட்டதில்லை. திருவிழா அன்று சாப்பிடாமல் இருந்தாலும் மாத்திரை போட்டாரா? மத்தியானம் நடுக்கம், வேர்வை. பானகம் குடித்ததும் நின்றது.

டாக்டரம்மாவிடம் சொன்னேன். "இருக்கலாம்மா, இல்லாமலும் இருக்கலாம். அந்தச் சீட்டப் பாக்காம எப்படிச் சொல்றது?" என்றார்.

தோட்டமே இல்லை, சீட்டுக்கு எங்கே போக? அதனால் உங்களைத்தான் கேட்கிறேன். எனக்குத் தெரிந்து அந்த டிரஸர் ஐயா நம் பள்ளிக்கூடத்துக் கூரையைத் தகரமாக மாற்றிய வருடம் வந்தார். எனக்கு அப்போது எட்டு வயது இருக்கும். அதுவும் தப்பாக இருக்கலாம், மூத்தவர்கள் யாராவது சரிபார்க்க வேண்டும். அவர் வந்து மாத்திரை கொடுப்பதற்கு முன்னாலேயே அம்மா ஆடினாரா? எனக்கு நினைவில்லை. மூன்றாம் லயம், நாலாம் லயத்துப் பெரியவர்கள் யாராவது இருந்தால் யோசித்துப் பாருங்கள்.

முன்னாலேயே ஆடினார் என்றால் அடுத்த மலரில் பெரிதாகப் போடுங்கள். டிரஸர் வந்தபிறகுதான் என்றால் அச்சில் வேண்டாம். எனக்கு மட்டும் ஒரு வரி எழுதுங்கள்.